முடியை நேராக்கிய நூறு வருடக் கதை



போன தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் பி பிளாக் மூன்றாம் மாடியில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. கல்லூரியில் படிக்கும் பேத்தி முந்தின நாள்தான் பார்லரில் ரீபாண்டிங் செய்துகொண்டு வந்திருந்தாள். மூன்று நாள் தலையில் தண்ணீர் படக் கூடாது, ரப்பர் பேண்ட் போடக் கூடாது, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூடக் கூடாது என்று ஒரு அட்டையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பாட்டியோ நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சி, மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் என்ன தீபாவளி?

பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் இருவரும் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார் பாட்டி. "இந்த வருஷம் மட்டும் உச்சியில ஒரு சொட்டு வெச்சு ஆசீர்வாதம் பண்ணிடுங்கம்மா, கழுத்துக்குக் கீழே குளிக்கட்டும்" என்று முடித்து வைத்தேன். போகும்போது பேத்தி கேட்டாள்: "அதென்ன டீச்சர் மூணு நாள் கணக்கு? யார் வெச்சது?"

அந்தக் கேள்விக்கு வாசலில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அந்த அட்டையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் பட்ட சூடு இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் எந்த விதி நமக்கு, எது நமக்கில்லை என்று நாமே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் இந்த இதழில் அதை எழுதுகிறேன்.

முடிக்குள் ஒரு ஏணி

கதைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பாடம். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. இரண்டு இழைகளுக்கு நடுவே கந்தக அணுக்கள் ஜோடியாகக் கைகோத்து ஏணிப்படி போலப் பிடித்திருக்கின்றன. சுருட்டை முடியைச் சுருட்டையாகவும் நேர்முடியை நேராகவும் நிலையாக வைத்திருப்பதில் இந்தப் படிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

தண்ணீருக்கும் சூட்டுக்கும் இந்தப் படிகள் அசையாது. அதனால்தான் அயர்ன் வைத்து நேராக்கிய முடி அடுத்த குளியலில் பழையபடி ஆகிவிடுகிறது. நிரந்தரமாக நேராக வேண்டுமென்றால் கந்தகப் படிகளை உடைக்க வேண்டும். உடைப்பதற்கு உலகம் இரண்டு வழி கண்டுபிடித்தது. பிறகு, படியைத் தொடாமல் மேலே பூச்சு ஏற்றுகிற மூன்றாவது வழி ஒன்றும் வந்தது. மூன்றும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காரணத்துக்காகப் பிறந்தவை.

முதல் வழி: தையல் கடையில் பிறந்த மருந்து

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பின மக்களின் முடியைப் பார்த்தே வேலை கொடுப்பதும் மறுப்பதும் நடந்தது. முடியை நேராக்கிக்கொள்வது அவர்களில் பலருக்கு வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த விஷயம்.

கிளீவ்லாந்து நகரில் காரெட் மார்கன் என்ற கறுப்பினத்தவர் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். வேகமாக ஓடும் ஊசி சூடேறிக் கம்பளித் துணியைக் கருக்கிவிடும். ஊசி வழுக்கி ஓட ஒரு திரவம் தயாரித்துக்கொண்டிருந்தவர் கையை ஒரு கம்பளித் துணியில் துடைத்தாராம். திரும்பி வந்து பார்த்தால் துணியின் சுருண்ட நார்கள் நேராக நின்றன. பக்கத்து வீட்டு நாயின் ரோமத்தில் போட்டுப் பார்த்து, பிறகு தன் தலையிலும் போட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள். 1913-ல் முடி நேராக்கும் கிரீம் விற்க ஒரு கம்பெனியே தொடங்கினார். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார்.

அதே காலத்தில் வாழ்ந்த மேடம் சி. ஜே. வாக்கர் (1867–1919) என்ற பெண்மணியை முடி நேராக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. தன் முடி கொட்டிப்போன வேதனையில், கந்தகம் கலந்த தலைக் களிம்பு தயாரித்து விற்றவர் அவர். தலையை ஒழுங்காகக் கழுவு, மண்டைத் தோல் நன்றாக இருந்தால்தான் முடி நன்றாக இருக்கும் என்று ஊர் ஊராகப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார். பார்லருக்குப் பிந்தைய பராமரிப்பு என்று இன்று நாம் பேசுவதற்கு அவரை ஒரு முன்னோடி என்றே சொல்லலாம்.

வீடுகளிலும் சலூன்களிலும் ஆண்கள் போட்டுக்கொண்டது இன்னும் முரட்டு மருந்து. காஸ்டிக் சோடா, உருளைக்கிழங்கு, முட்டை மூன்றும் சேர்ந்த கூழ். ஆமாம், நம்மூரில் சோப்புக் காய்ச்சவும் அடைத்த சாக்கடைக் குழாயைத் திறக்கவும் போடுகிற அதே காஸ்டிக் சோடாதான். மால்கம் எக்ஸ் 1965-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் இதை விவரித்திருக்கிறார். முதலில் தலை, காது, கழுத்தெல்லாம் வாசலின் பூச வேண்டும். எரிச்சல் தாங்கும் வரை தாங்கிவிட்டு உடனே அலச வேண்டும். ஒருமுறை குழாயில் தண்ணீர் உறைந்துபோய், வேறு வழியில்லாமல் கழிப்பறைக் கோப்பைத் தண்ணீரில் தலையை விட்டு அலசியதையும் சொல்லியிருக்கிறார். முடியை நேராக்க அவ்வளவு வலியைத் தாங்கினோமே என்று பிற்காலத்தில் வெட்கப்பட்டு எழுதினார்.

1954-ல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் என்பவர் இதே காஸ்டிக் மருந்தை ஒழுங்கான கிரீமாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். இவற்றுக்குத்தான் ரிலாக்சர் என்று பெயர். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து என்ற எச்சரிக்கையை டப்பாவின் மேல் அச்சிட வைக்க, 1970-களின் நடுவில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட வேண்டியிருந்தது.

ரிலாக்சர் கந்தகப் படியை உடைத்து, ஒரு கந்தகத்தையே வெளியேற்றிவிடுகிறது. அந்த இடத்தில் உருவாகும் புதுப் பிணைப்பைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. இதிலிருந்து வந்த விதிகள் மூன்று. மண்டைத் தோலில் வாசலின் பூசாமல் மருந்து வைக்கக் கூடாது. மருந்து வேலை செய்ததும், ஒரு துளி காரமும் மிஞ்சாதபடி உடனே அலச வேண்டும். காரம் மீதி இருந்தால் நுரையின் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் ஷாம்புகூட இதற்காக உண்டு. மூன்றாவது, போட்ட முடியில் திரும்பப் போடக் கூடாது, புதிதாக முளைத்த வேர்ப்பகுதிக்கு மட்டும்தான்.

இரண்டாவது விதியைக் கவனியுங்கள். இந்த வழியில் தண்ணீர் படக் கூடாது என்பதே கிடையாது. தண்ணீர்தான் காப்பாற்றும்.

இரண்டாவது வழி: ஆட்டு ரோமத்தின் பாடம்

மூன்று நாள் கணக்கு வந்தது வேறொரு பாதையில். வேடிக்கை என்னவென்றால் அது முடியைச் சுருட்டையாக்கப் புறப்பட்ட பாதை.

ஐரோப்பாவில் நேர்முடி உள்ள பெண்களுக்குச் சுருள் மோகம். கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர், 1900-களின் முதல் பத்தாண்டில் லண்டனில், காரமும் மின்சாரச் சூடும் கொண்டு முடியை நிரந்தரமாகச் சுருட்டும் இயந்திரத்தைக் காட்டினார். சோதனைக்கு உட்கார்ந்தவர் அவர் மனைவி. முதல் முயற்சிகளில் அந்த அம்மாளின் முடி கருகியது என்பது அந்தத் தொழிலில் இன்றும் சொல்லப்படும் கதை.

சூடு இல்லாமல் அதே வேலையைச் செய்யும் வழியைத் திறந்துவிட்டவர்கள் அலங்காரக்காரர்கள் அல்ல. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் காடார்ட், மைக்கேலிஸ் என்ற இருவர் கெரட்டின் ஏன் எதிலும் கரைய மறுக்கிறது என்று ஆட்டு ரோமத்தை வைத்து ஆராய்ந்தார்கள். தயோகிளைகாலிக் அமிலம் போன்ற பொருள்கள் கந்தகப் படியை அழகாக இரண்டாக வெட்டிவிடும் என்று 1934-ல் எழுதினார்கள். சில வருடங்களில் அது அழகு நிலையத்துக்கு வந்துவிட்டது. 1940-களில் சூடில்லாமல் சுருட்டும் 'கோல்ட் வேவ்' பரவியது.

இந்த முறையின் சிறப்பு, வெட்டிய படியைத் திரும்பச் சேர்க்க முடியும் என்பது. முடியை உருளையில் சுற்றி வெட்டிச் சேர்த்தால் சுருள். நேராக நீவிப் பிடித்து வெட்டிச் சேர்த்தால் நேர்முடி. ஜப்பானியர்கள் இதோடு சூடான தட்டை அயர்னைச் சேர்த்தார்கள். அவர்கள் மொழியில் 'ஷுகுமோ கியோசேய்', அதாவது சுருள்முடியைச் சீர்செய்தல். 1990-களில் அங்கே புகழ்பெற்று உலகமெங்கும் போனது. நம்மூர்ப் பார்லர்களில் ரீபாண்டிங் என்றும், கொஞ்சம் மென்மையான மருந்தில் ஸ்மூத்தனிங் என்றும் சொல்வது இதைத்தான். திரும்பப் பிணைப்பது என்ற அர்த்தம் பெயரிலேயே இருக்கிறது.

கடைசியில் நியூட்ரலைசர் என்று ஒன்று தடவுகிறார்களே, அது பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு. வெட்டிய படிகளை நேரான நிலையில் சேர்த்துப் பூட்டுவது அதன் வேலை. சேராமல் விடுபட்டவற்றில் ஒரு பகுதி, காற்றுப் பட்டு அடுத்த நாள்களில் மெதுவாகச் சேரும். அந்த நேரத்தில் முடியை நனைத்தாலோ, கிளிப் போட்டு மடித்தாலோ, அந்த மடிப்போடேயே பூட்டிக்கொள்ள இடம் உண்டு. மூன்று நாள் கணக்கு இதுதான். பேத்திக்கு என் பதிலும் இதுதான்.

ஆனால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வெட்டிய படிகள் எல்லாமே திரும்பச் சேர்வதில்லை. ஒவ்வொரு முறையும் ஏணியில் சில படிகள் குறைகின்றன. இது என் வீட்டிலேயே நடந்தது.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அதற்கு முன்பே முடியை ப்ளீச் செய்து பழுப்பு நிறம் ஏற்றியிருந்தாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வேறொரு பார்லரில் ரீபாண்டிங். முன்னால் என்ன செய்திருக்கிறாய் என்று அங்கே கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து முதல் தடவை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "பெரியம்மா, சீப்புல பாருங்க" என்று அழுதாள். சீப்பில் இருந்தது வேரோடு வந்த முடி அல்ல, நடுவில் அறுந்த துண்டுகள். ப்ளீச் கந்தகப் படிகளை ஏற்கெனவே எரித்துவிட்டிருந்தது. எரிந்த படியைத் திரும்பப் பிணைக்க எந்த மருந்தாலும் முடியாது. மணமேடையில் அவளுக்குச் சவுரி வைத்துப் பின்னிப் பூ முடித்தோம். போட்டோவில் ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

ஆகவே இந்த வழியின் விதிகள்: ப்ளீச் செய்த முடியில் ரீபாண்டிங் வேண்டாம். ரிலாக்சர் போட்ட முடியில் ரீபாண்டிங்கும், ரீபாண்டிங் செய்த முடியில் ரிலாக்சரும் கூடவே கூடாது, முடி அறுந்துவிடும். கடைப் பாக்கெட் மருதாணி போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். சிலவற்றில் உலோக உப்புக் கலந்திருக்கும், பெராக்சைடு பட்டால் முடி சூடேறிக் கெட்டுவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். மறுபடி செய்வதானால் குறைந்தது ஆறு மாதம் கழித்து, வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும்.

மூன்றாவது வழி: பிரேசிலின் ஃபார்மலின்

2000-க்குப் பிறகு பிரேசிலிலிருந்து வந்ததுதான் கெரட்டின் ட்ரீட்மென்ட். இது படியை உடைப்பதில்லை. புரதக் கலவையை முடிமேல் தடவி, 230 டிகிரி வரை சூடான அயர்னால் அழுத்தி ஒட்டவைக்கிறது. ஒட்டுவதற்குப் பசையாக இருந்தது ஃபார்மால்டிஹைடு. தண்ணீரில் கரைந்தால் அதன் பெயர் ஃபார்மலின். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் தவளையைப் போட்டு வைப்போமே, அது. 2018-ல் மீனில் கலந்திருக்கிறது என்று பயந்து நாம் மார்க்கெட் பக்கம் போகாமல் இருந்தோமே, அதுவும் இதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உறுதிசெய்துவிட்டது.

பிரேசில் அரசு 2009-ல் மருந்துக் கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஃபார்மலின் விற்பதைத் தடை செய்தது. அதற்குள் வியாபாரம் கடல் கடந்துவிட்டது. 2010-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் அழகு நிலைய ஊழியர்கள், மருந்து தடவும்போது மூக்கில் ரத்தம் வருகிறது, மூச்சு முட்டுகிறது என்று புகார் செய்தார்கள். புட்டியிலோ 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று அச்சிட்டிருந்தது. ஆரிகன் மாநிலத்தின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை பரிசோதித்தபோது சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. 2011-ல் அமெரிக்க மத்திய அரசும் எல்லா அழகு நிலையங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியது.

பிறகு, ஃபார்மலின் இல்லாத கெரட்டின், நானோபிளாஸ்டியா என்ற பெயர்களில் புது மருந்துகள் வந்தன. அவற்றில் பலவற்றில் இருப்பது கிளையாக்ஸிலிக் அமிலம். 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு 26 வயதுப் பெண்ணின் விவரம் வந்தது. 2020, 2021, 2022 மூன்று வருடமும் முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கிரீமில் 10 சதவீதம் கிளையாக்ஸிலிக் அமிலம் இருந்தது. எலிகளின் தோலில் அதைத் தடவியபோது சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் தேங்கின. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று அர்த்தமில்லை. செய்துகொண்ட ஒன்றிரண்டு நாளில் வாந்தி, இடுப்பு வலி வந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் தலைக்குச் செய்ததையும் சொல்லுங்கள்.

2022 அக்டோபரில் வந்த ஒரு பெரிய ஆய்வையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் கவனித்தார்கள். முடி நேராக்கும் மருந்தே பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம் என்றும், வருடத்துக்கு நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். இது தொடர்பைக் காட்டுகிறது, மருந்துதான் காரணம் என்று முடிவாக நிரூபிக்கவில்லை. ஆனாலும் அடிக்கடி செய்வது நல்லதல்ல என்று எடுத்துக்கொள்ள இது போதும்.

நம் வீட்டுக் குளியலறையில்

இவ்வளவு வரலாற்றையும் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் வேலை ஒன்றுதான். தலையில் போட்டது எது என்று கேட்டு, பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். முடிந்தால் புட்டியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என் தங்கை மகளிடம் அப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால் அன்றைக்கே யாராவது தடுத்திருப்பார்கள்.

ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் என்றால் மூன்று நாள் கணக்கைக் கடைப்பிடியுங்கள். கெரட்டின் என்றால் சில மருந்துகளை அன்றைக்கே அலச வேண்டும், சிலவற்றுக்குக் காத்திருக்க வேண்டும், கேட்டுக்கொண்டு வாருங்கள். சல்பேட் இல்லாத ஷாம்பு கெரட்டின்காரர்களுக்கு முக்கியம், பூச்சு சீக்கிரம் கழுவிப் போகாமல் இருக்க. ரீபாண்டிங் கழுவிப் போகாது. அங்கே மென்மையான ஷாம்பு கேட்பது, முடி வறண்டிருப்பதால். இரண்டு வகையிலும் கண்டிஷனர் அவசியம்.

ஈர முடிக்குப் பலம் குறைவு. துண்டால் அடித்து உதறாமல் ஒற்றி எடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போங்கள். சீயக்காய்த் தூளை அப்படியே போட்டுத் தேய்த்தால் உராயும், ஊறவைத்து வடிகட்டின தண்ணீராக ஊற்றிக்கொள்ளலாம்.

பாட்டிகள் மகிழ ஒரு செய்தி. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, குளிக்கும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று ரேலே, மொஹிலே என்ற இருவர் 2003-ல் காட்டினார்கள். கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ கம்பெனியின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே கெடு முடிந்த பிறகு, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை.

அடுத்தது நம் வளாகத்துத் தண்ணீர். போர் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு, மருந்து பட்ட முடியில் சாதாரண முடியை விட அதிகமாகப் படியும். வாளியில் வெள்ளைக் கறை படிகிறதே, அதுதான் முடியிலும் படிகிறது. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு மெட்ரோ வாட்டரோ வடிகட்டிய தண்ணீரோ ஊற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்போது பார்லர் பெண்கள் வீட்டுக்கே வந்து செய்து கொடுக்கிறார்கள். ஏசி போட்டு, கதவு ஜன்னல் சாத்திய படுக்கையறையில் கெரட்டின் செய்ய வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த அறையில் வேண்டாம். நாம் வருடத்துக்கு ஒருமுறை சுவாசிப்பதை, அயர்ன் பிடிக்கும் அந்தப் பெண் தினமும் இரண்டு மூன்று வீட்டில் சுவாசிக்கிறாள். கண் எரிகிறதா என்று அவளையும் கேளுங்கள், நடுவில் பால்கனியில் பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

தையல் கடைக்காரர் காரெட் மார்கனை மறந்திருக்க மாட்டீர்கள். முடி கிரீம் விற்ற அதே மனிதர் 1914-ல் இன்னொன்றுக்கும் காப்புரிமை பெற்றார். புகையில் மாட்டிக்கொண்டவர்கள் மூச்சு விட உதவும் முகமூடி அது. 1916-ல் ஈரி ஏரிக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்தபோது, அதை மாட்டிக்கொண்டு தானே உள்ளே இறங்கி ஆட்களை வெளியே கொண்டுவந்தார். முடியைப் பற்றி யோசித்தவரே மூச்சைப் பற்றியும் யோசித்திருக்கிறார்.

பேத்தியின் முடி நன்றாக இருக்கிறது. நாலாம் நாள் பாட்டி கையாலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டாளாம். உங்கள் வீட்டில் சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பூங்கா பெஞ்சில் இருப்பேன், புட்டியின் போட்டோவோடு வாருங்கள்.